அழிக்கும் முன் பார்க்க முடியுமா? பெரிய எக்செல் பட்டியலில் இரட்டைப் பதிவுகளை நீக்க எந்த வழி யாருக்கு

முலுண்டில் இருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கூரியர் நிறுவனம் ஒன்றில் எம்ஐஎஸ் வேலை, அதாவது அலுவலக ரிப்போர்ட்டுகளைத் தயாரிப்பது. 2,80,000 வரிசைகள் கொண்ட ஒரு எக்செல் ஃபைல், அதில் பல பார்சல்கள் இரண்டு மூன்று தடவை பதிவாகியிருக்கின்றன. எது எத்தனை தடவை வந்திருக்கிறது என்று கவுன்ட்இஃப் போட்டு எண்ணப் பார்த்திருக்கிறார். மதியம் டப்பாவைத் திறக்கும்போது ஓடத் தொடங்கிய ஃபார்முலா, சாயங்காலம் லோக்கல் பிடிக்கக் கிளம்பும்போதும் முடியவில்லை. "ரிமூவ் டூப்ளிகேட்ஸ் பட்டனை அழுத்திவிடலாமா, பவர் குவெரி கற்றுக்கொள்ளட்டுமா, இல்லை எல்லோரும் சொல்கிற பைத்தானா?" என்பது அவர் கேள்வி. முதலாவது எக்செலில் இரட்டைகளை நீக்கும் பட்டன், பவர் குவெரி எக்செலுக்குள்ளேயே தரவைச் சுத்தம் செய்யும் கருவி, பைத்தான் ஒரு நிரல் மொழி.

செம்பூரில் கணக்கு எழுதும் ஒருவருக்கு ஜிஎஸ்டி பில்களில் இதே சிக்கல். டோம்பிவிலியில் டியூஷன் நடத்தும் ஒருவருக்கு மாணவர் பட்டியலில். மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால் வழிகளை எதை வைத்து எடைபோடுவது என்பதை முதலில் சொல்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது வேகம். நான் அதை மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன். காரணம், தாராவியில் நாங்கள் செய்த ஒரு தவறு.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கும் ஒரு சிறு குழுவில் நானும் இருக்கிறேன். மூன்று பேர் தனித்தனியாக வீடு வீடாகப் போய் எழுதி வந்த பெயர்களை ஒரே ஃபைலில் ஒட்டினோம். கணினியில் உட்கார்ந்திருந்தது நான். பெயர்களின் எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு மாதிரி இருந்ததால், மொபைல் எண் பத்தியை மட்டும் டிக் செய்து ரிமூவ் டூப்ளிகேட்ஸ் அழுத்தினேன். இத்தனை நீக்கப்பட்டது, இத்தனை மிச்சம் என்று எக்செல் சொன்னது. பட்டியல் சுத்தமாகிவிட்டது என்று நம்பினோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு அப்பா இரண்டு மகள்களோடு வரிசையில் வந்து நின்றார். மூத்தவள் பெயர் இருந்தது, இளையவள் பெயர் இல்லை. இரண்டு பேருக்கும் அப்பாவின் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். அப்புறம் பார்த்தால், மொபைல் எண்ணே எழுதாத பிள்ளைகள் எல்லோரும் ஒரே ஒரு வரிசையாகச் சுருங்கியிருந்தார்கள். காலிக் கட்டமும் காலிக் கட்டமும் எக்செலுக்கு ஒரே மதிப்புதான். அந்தச் சின்னப் பெண் அக்காவின் பையையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதனால் என் முதல் அளவுகோல்: நீக்குவதற்கு முன்னால், எந்தெந்த வரிசை போகப்போகிறது என்று கண்ணால் பார்க்க முடியுமா? இரண்டாவது: ஒரே மாதிரி நான்கு வரிசை இருந்தால் எது தங்கும் என்பது நம் கையில் இருக்கிறதா? இவற்றுக்கு அப்புறம்தான் அளவும் வேகமும். கடைசியாக, இது ஒரு தடவை வேலையா, மாதாமாதம் வரும் வேலையா என்பது.

அளவைப் பற்றி ஒரு விஷயம். இன்றைய எக்செல் ஷீட் ஒன்றில் 10,48,576 வரிசைகள்தான் அடங்கும். 2007க்கு முந்தைய பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 மட்டுமே. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 15,841 கொரோனா தொற்றுப் பதிவுகள் உரிய நேரத்தில் கணக்கில் வராமல் போனதற்கு, அந்தப் பழைய வடிவத்தின் வரிசை வரம்பும் காரணம். உங்கள் அலுவலக சாஃப்ட்வேர் இன்னும் எக்ஸ்எல்எஸ் ஆகத்தான் ஃபைலைத் தருகிறது என்றால், டூப்ளிகேட்டைத் தேடும் முன் கடைசி வரிசையின் எண் என்ன என்று பாருங்கள். 65,536 என்றிருந்தால் மிச்சப் பதிவுகள் வெளியே நின்றுவிட்டன என்று சந்தேகப்பட வேண்டும்.

## எந்த வழியானாலும் முதலில் செய்ய வேண்டியது

இரட்டைப் பதிவு என்று எதைச் சொல்கிறோம் என்பதை ஒரு காகிதத்தில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். கூரியர் வாசகிக்கு: ஒரே ஏடபிள்யூபி எண், அதாவது பார்சலின் கூரியர் எண், பல தடவை வருவது தவறே இல்லை. எடுத்தது, வழியில் இருப்பது, சேர்த்தது என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வரிசை வரும். எண், நிலை, நேரம் மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அது இரட்டை. ஜிஎஸ்டி பில்லுக்கு: பில் எண் மட்டும் போதாது, ஏனென்றால் இரண்டு வியாபாரிகளிடமும் 001 என்று பில் இருக்கும். விதிப்படி ஒரு ஜிஎஸ்டி பதிவுக்குள், ஒரு நிதியாண்டுக்குள் பில் எண் திரும்ப வரக்கூடாது. எனவே ஜிஎஸ்டிஐஎன் (வியாபாரியின் ஜிஎஸ்டி பதிவு எண்), பில் எண், நிதியாண்டு மூன்றும் சேர்ந்ததுதான் அடையாளம்.

ஆட்களின் பட்டியல்தான் இருப்பதிலேயே கடினம். மும்பைத் தமிழர் பட்டியல் என்றால் இன்னும் கடினம். ஊரில் எஸ். முருகன் என்று இருப்பவர், இங்கே முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டம் வைத்த படிவத்தை நிரப்பும்போது முருகன் சுப்பிரமணியன் ஆகிறார். இன்னொரு படிவத்தில் அதுவே தலைகீழாகிறது. கார்த்திக் என்பதை நாம் ஆங்கிலத்தில் டிஎச் போட்டு எழுதுவோம், இங்குள்ள கிளார்க் வெறும் டி போடுவார். லக்ஷ்மியை நாம் கேஎஸ்எச் என்று எழுதினால் இங்கே எக்ஸ். கீழே சொல்லும் எந்த வழியும் தானாக இவர்களை ஒரே ஆள் என்று கண்டுபிடிக்காது.

தமிழிலேயே பெயர் எழுதியிருந்தாலும் தப்பிக்க முடியாது. 'கொ' என்பதை கணினி எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒரே ஒகரக் குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஸ்ரீநிவாசனின் 'ஸ்ரீ'யும் இரண்டு விதமாகப் பதிவாகும், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பைத்தான் இவற்றை வேறு வேறு சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். அதில் உள்ள யூனிகோட் சீராக்கல் 'கொ'வைச் சரிசெய்யும், 'ஸ்ரீ'யைச் சரிசெய்யாது. அதை நாமே தேடி மாற்ற வேண்டும்.

மொபைல் எண்ணில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. 91 சேர்த்து எழுதிய 12 இலக்க எண்ணை, சாதாரண வடிவில் இருக்கும் எக்செல் கட்டம் 9.1982இ+11 என்று சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்து ஃபைல்) ஆகச் சேமித்தால், திரையில் தெரிந்ததுதான் ஃபைலில் எழுதப்படும். 9820 என்று தொடங்கும் பழைய மும்பை எண்கள் அத்தனையும் ஒன்றிரண்டு எண்களாகச் சுருங்கிவிடும். அதற்கு மேல் டூப்ளிகேட் நீக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். எண் பத்திகளை முதலிலேயே டெக்ஸ்ட் வடிவுக்கு மாற்றிவிட்டு அப்புறம் தரவை உள்ளே கொண்டுவாருங்கள். 15 இலக்கத்துக்கு மேல் போகும் எண்களுக்கு இது கட்டாயம். எக்செல் 15 இலக்கம்வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், அதற்குப் பிந்தையவை பூஜ்ஜியமாகிவிடும்.

## ரிமூவ் டூப்ளிகேட்ஸ் பட்டன்

எக்செல் 2007இல் வந்தது. டேட்டா தாவலில் இருக்கிறது. லட்சக்கணக்கான வரிசைகளையும் சட்டென்று முடித்துவிடும், கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. எல்லாப் பத்திகளும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் வரிசைகளை நீக்க மட்டும் என்றால், உதாரணமாக ஒரே ரிப்போர்ட்டை யாரோ இரண்டு தடவை ஒட்டிவிட்டார்கள் என்றால், இதுவே போதும். வேறு எதையும் தேட வேண்டாம்.

இதன் மறைமுகச் செலவு: எத்தனை போனது என்று சொல்லும், எது போனது என்று சொல்லாது. மேலே முதலில் இருக்கும் வரிசையைத்தான் வைத்துக்கொள்ளும். கடைசித் தேதியில் வந்த பதிவு தங்க வேண்டுமென்றால் முதலில் தேதியை இறங்குவரிசையில் அடுக்கிவிட்டு அழுத்த வேண்டும். ஒப்பிடும்போது கட்டத்தில் தெரிவதைத்தான் பார்க்கிறது. ஒரே தேதி ஒரு வரிசையில் 08/03/2024 என்றும் இன்னொன்றில் 8 மார்ச் என்றும் தெரிந்தால் இரண்டையும் வேறு என்று விட்டுவிடும். பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டியிருந்தாலும் அப்படியே.

இன்னொரு ஆபத்து: ஒரு பத்தியை மட்டும் தேர்ந்துவிட்டு அழுத்தினால், பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்றால் அந்தப் பத்தி மட்டும் மேலே நகர்ந்து, ஒருவர் பெயருக்கு எதிரே இன்னொருவர் எண் வந்து உட்கார்ந்துவிடும். ஃபைலை மூடும் முன் கவனித்தால் அன்டூ காப்பாற்றும். அதனால் மூல ஷீட்டை நகல் எடுக்காமல் இந்தப் பட்டனைத் தொடாதீர்கள்.

## கவுன்ட்இஃப் போட்டுக் குறிப்பது

இரண்டாயிரம், மூவாயிரம் வரிசைக்கு நல்லது. எது எத்தனை தடவை என்று கண்ணெதிரே காட்டும், எதையும் அழிக்காது. ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் முழுப் பத்தியையும் படிக்கிறது. வாசகியின் 2,80,000 வரிசைக்கு ஏறக்குறைய 7,840 கோடி ஒப்பீடு. அவருடைய கணினி பழுதில்லை, கணக்கே அப்படி. இன்னொன்று: 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்கள் டெக்ஸ்டாகவே இருந்தாலும், கவுன்ட்இஃப் அவற்றை எண்ணாக மாற்றி முதல் 15 இலக்கத்தை வைத்து ஒன்று என்று சொல்லிவிடும். 16 இலக்க எண்கள் உள்ள பட்டியலில் இதை நம்ப வேண்டாம். வண்ணம் பூசிக் காட்டும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கும் பெரிய ஷீட்டில் இதே மாதிரி இழுக்கும்.

## அடுக்கி, மேல் வரிசையோடு ஒப்பிடுவது

என் மனதுக்கு மிக நெருக்கமான வழி இது. எந்தப் பழைய எக்செலிலும், லிப்ரே ஆபீஸிலும், கூகுள் ஷீட்ஸிலும் வேலை செய்யும்.

முதலில் ஒரு பத்தியில் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுக்கொள்ளுங்கள், பழைய ஒழுங்குக்குத் திரும்பி வர இது வேண்டும். இன்னொரு பத்தியில் அடையாளம் ஒன்றைச் செய்யுங்கள்: உங்கள் வாக்கியத்தில் சொன்ன பத்திகளை டிரிம் ஃபார்முலாவால் தேவையற்ற வெற்றிடம் நீக்கி, நடுவில் ஒரு கோட்டுக்குறி வைத்துச் சேர்ப்பது. குறி வைக்காவிட்டால் 12க்குப் பின் 3 என்பதும், 1க்குப் பின் 23 என்பதும் ஒன்றாகத் தெரியும். இணையப் பக்கத்தில் இருந்து ஒட்டிய தரவு என்றால், டிரிம் நீக்காத ஒருவகை வெற்றிடம் இருக்கும். அதன் எழுத்து எண் 160. அதை சப்ஸ்டிடியூட் ஃபார்முலாவால் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். பிறகு இந்த அடையாளப் பத்தியை ஃபார்முலா இல்லாமல் வெறும் மதிப்பாக ஒட்டி, அதை வைத்து அடுக்கி, அடுத்த பத்தியில் "எனக்கு மேலே இருப்பதும் நானும் ஒன்றா" என்று ஒரு சின்ன ஃபார்முலா. அவ்வளவுதான். ஒவ்வொரு வரிசையும் தன் மேல் வீட்டை மட்டும்தான் எட்டிப் பார்க்கிறது. அடுக்குவதற்குச் சுமார் 50 லட்சம் ஒப்பீடு என்று வையுங்கள். 7,840 கோடி எங்கே, 50 லட்சம் எங்கே!

இதன் பெரிய லாபம், இரட்டைகள் அக்கம்பக்கத்தில் வந்து நிற்பது. அக்காவும் தங்கையும் ஒரே எண்ணோடு அடுத்தடுத்து நின்றிருந்தால் நான் பார்த்திருப்பேன்.

செலவு என்னவென்றால் ஒழுக்கம் வேண்டும். குறித்து முடித்ததும் அந்தப் பத்தியையும் மதிப்பாக ஒட்டிவிட வேண்டும். மறந்துபோய் மறுபடி அடுக்கினால் ஃபார்முலா புதிய மேல் வரிசையைப் பார்த்துத் தவறாகச் சொல்லும். மாதாமாதம் செய்வதானால் ஒவ்வொரு தடவையும் கை வேலை. யாராவது ஒரு படியை விட்டுவிடுவார்கள்.

## பவர் குவெரி

எக்செல் 2016 முதல் உள்ளேயே வருகிறது, 2010க்கும் 2013க்கும் தனியாக நிறுவ வேண்டும். மூல ஃபைலைத் தொடாது. நீங்கள் செய்யும் ஒவ்வொரு படியையும் வலப்பக்கம் பட்டியலாக வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் புது ஃபைலை அதே ஃபோல்டரில் போட்டு ரெஃப்ரெஷ் அழுத்தினால் எல்லாப் படியையும் தானே திரும்பச் செய்யும். பத்து சிஎஸ்வி சேர்ந்து 20 லட்சம் வரிசை வந்தாலும் படிக்கும். ஷீட்டில் கொட்டாமல் டேட்டா மாடலில் (ஃபைலுக்குள்ளேயே ஷீட்டுக்கு வெளியே இருக்கும் சேமிப்பு) ஏற்றினால் 10,48,576 என்ற எல்லையும் தடையாக வராது.

எனக்குப் பிடித்தது கீப் டூப்ளிகேட்ஸ் என்ற கட்டளை. இரட்டைகளை நீக்காமல், இரட்டைகளை மட்டும் எடுத்துக் காட்டும். ஒரு குவெரியில் கீப், அதன் நகலில் ரிமூவ் என்று இரண்டையும் வைத்துக்கொண்டால், இரட்டையான வரிசைகள் அத்தனையும் ஒரு பட்டியலாகவும், தங்குகிறவர்கள் இன்னொரு பட்டியலாகவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

கவனிக்க வேண்டியவை உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இதற்கு வேறு வேறு, ஆனால் ரிமூவ் டூப்ளிகேட்ஸ் பட்டனுக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே ஃபைலைப் போட்டு எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்று குழம்புபவர்களுக்குப் பல நேரம் இதுதான் காரணம். முதலில் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடுங்கள். ஷீட்டின் டிரிம் பெயரின் நடுவில் இருக்கும் இரட்டை வெற்றிடத்தை ஒன்றாக்கும், பவர் குவெரியின் டிரிம் ஓரங்களை மட்டும்தான் வெட்டும். உள்ளே நுழைந்ததும் சேஞ்ச்ட் டைப் என்று ஒரு படியைத் தானே சேர்த்து, முன்னால் உள்ள பூஜ்ஜியங்களைத் தின்றுவிடும், அதை நீக்கிவிடுங்கள். கடைசியாக, தேதிப்படி அடுக்கிவிட்டு நீக்கினால் மேலே இருப்பதே தங்கும் என்று இங்கே உறுதி இல்லை. அடுக்கிய பட்டியலை நினைவகத்தில் அப்படியே பிடித்துவைக்கும் டேபிள் பஃபர் என்ற செயல்கூறுக்குள் அந்தப் படியை வைத்தால்தான் ஒழுங்கு நிற்கும். பழகிக்கொள்ள இரண்டு மூன்று சாயங்காலம் ஆகும்.

## கூகுள் ஷீட்ஸ்

ஒரு ஃபைலுக்கு ஒரு கோடி கட்டம் வரம்பு. 20 பத்தி இருந்தால் 5 லட்சம் வரிசை. அந்த அளவுக்கு வரும் முன்பே பிரவுசர் திணறும். பலர் சேர்ந்து நிரப்பும் சில ஆயிரம் வரிசைப் பட்டியலுக்கு இதுவே சிறந்தது, ஏனென்றால் பதிப்பு வரலாறு இருக்கிறது. தவறாக நீக்கியதை மறுநாள் கூடத் திருப்பி எடுக்கலாம்.

இங்கே ஒரு வேண்டுகோள். டூப்ளிகேட் நீக்கித் தருகிறோம் என்று சொல்லும் முன்பின் தெரியாத இணையதளங்களில் ஆட்களின் பெயரும் எண்ணும் உள்ள ஃபைலை ஏற்றாதீர்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நம்மை நம்பிக் கொடுத்த விவரம்.

## பைத்தானும் பாண்டாஸும்

பாண்டாஸ் என்பது பட்டியல் தரவைக் கையாள பைத்தானோடு சேர்த்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. பல லட்சம் வரிசை, பல ஃபைல்கள், ஏற்கெனவே கொஞ்சம் நிரல் எழுதத் தெரியும் என்றால் இதுவே சிறந்தது. நான்கைந்து வரியில் முடியும். முதலாவதை வைக்கவா, கடைசியை வைக்கவா, இரட்டையான எல்லாவற்றையும் தள்ளவா என்று நீங்களே சொல்லலாம். எல்லாப் பத்திகளையும் எழுத்தாகப் படி என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பூஜ்ஜியமும் நீள எண்ணும் பிழைக்கும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகப் படிப்பது மெதுவாக இருக்கும், சிஎஸ்வி என்றால் பறக்கும்.

மறைமுகச் செலவு ஆட்கள்தான். நீங்கள் விடுப்பில் போனால் பக்கத்து சீட்டில் இருப்பவர் அதைத் திறந்து சரிசெய்ய முடியுமா? முடியாது என்றால் உங்கள் ஒவ்வொரு விடுப்பிலும் போன் வரும். அலுவலகக் கணினியில் நிறுவ ஐடி துறையின் அனுமதியும் வேண்டியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | வசதியான அளவு | நீக்கும் முன் பார்க்கலாமா | எது தங்கும் | மாதாமாதம் செய்ய |
|---|---|---|---|---|
| ரிமூவ் டூப்ளிகேட்ஸ் | சில லட்சம் | முடியாது | மேலே இருப்பது | கையால், தவறு எளிது |
| கவுன்ட்இஃப் | சில ஆயிரம் | ஆம் | நீங்கள் முடிவு செய்வது | வேண்டாம் |
| அடுக்கி ஒப்பிடுவது | சில லட்சம் | ஆம், அக்கம்பக்கத்தில் | நீங்கள் முடிவு செய்வது | கையால், பொறுமை வேண்டும் |
| பவர் குவெரி | பத்து லட்சத்துக்கு மேலும் | ஆம் | பஃபர் வைத்தால் உறுதி | ஒரு ரெஃப்ரெஷ் |
| கூகுள் ஷீட்ஸ் | சில ஆயிரம் | இல்லை, ஆனால் மீட்கலாம் | மேலே இருப்பது | சிறு குழுவுக்கு |
| பாண்டாஸ் | பல லட்சம் | ஆம், எழுதினால் | முதல் அல்லது கடைசி | மிக எளிது, எழுதியவருக்கு |

## யாருக்கு எது

செம்பூர் கணக்கருக்கு பவர் குவெரி. மாதாமாதம் வரும் வேலை, அடையாளம் தெளிவு, ஒரு தடவை கட்டிவிட்டால் ஜூனியர் கூட ரெஃப்ரெஷ் அழுத்தலாம். டியூஷன் நடத்துபவருக்குச் சில நூறு பெயர்தான், அடுக்கிவிட்டுக் கண்ணால் பார்ப்பதே போதும்.

முலுண்ட் வாசகிக்கு: இன்று இரவே ரிப்போர்ட் போக வேண்டுமென்றால் எண், நிலை, நேரம் மூன்றையும் சேர்த்து அடுக்கி ஒப்பிடுங்கள். கவுன்ட்இஃப் பத்தியை முதலில் அழித்துவிடுங்கள், அது இருக்கும்வரை ஃபைல் அசையாது. வரும் சனிக்கிழமை அதையே பவர் குவெரியில் கட்டுங்கள். உங்கள் மேலாளர் கேட்பது பார்சலின் கடைசி நிலை மட்டும் என்றால், அந்த டேபிள் பஃபர் படியை மறக்க வேண்டாம்.

தாராவிப் பட்டியலுக்கு இப்போது பிள்ளையின் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் சேர்த்துத்தான் அடையாளம் வைக்கிறோம். அடுக்கியதும் சந்தேகப்படும் ஜோடிகளை மஞ்சளில் குறித்துவிட்டு, நீக்கும் முன் அந்த வீட்டுக்கு ஒரு போன் போடுகிறோம். எண் இல்லாத வீடுகளுக்கு யாராவது நேரில் போய்வருகிறார்கள்.